லெஃப்ட் இன்

வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவில்
ரெய்டு போகிறவன் வேறொருவன்.
பாகலூர்ப் பையன், பச்சை பனியன், நல்ல கால்.
அவனைப் பார் என்றுதான் அனுப்பியிருந்தார்கள்.
மொத்தம் நாற்பது நொடி.
பதினேழாவது நொடியில்
படத்தின் ஓரத்திலிருந்து ஒரு முழங்கை வந்து
வழியை மூடியது.
அதற்குப் பிறகு பச்சை பனியனைக் காணோம்.
அந்த முழங்கைக்காக
கோயம்புத்தூரில் பஸ் ஏறினேன்.

ராயக்கோட்டை. சனிக்கிழமை.
பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் செம்மண் தளம்.
சுண்ணாம்புக் கோட்டில் பாதி காற்றோடு போயிருந்தது.
பி.டி. சார் குப்புராஜ்
எனக்கு ஒரு நாற்காலி போட்டு
இரண்டு ரெய்டர்களைக் காட்டினார்.
லெஃப்ட் இன் யார் என்றேன்.
"அவனா? திம்மராயன். சும்மா நிப்பான் சார்."

சும்மா நிற்பதை
ஒன்றரை மணி நேரம் பார்த்தேன்.

குதிகால் மண்ணைத் தொடுவதில்லை.
ரெய்டரின் கண்ணைப் பார்ப்பதில்லை,
இடுப்பைப் பார்க்கிறான்.
பக்கத்தில், கார்னரில், முக்தியார்:
குச்சி உடம்பு, பல்லி மாதிரிப் பாய்கிற பயல்.
அவன் கணுக்காலுக்குப் பாயும்போது
மொத்தக் கனமும் இவன் இடது தோளில் தொங்கும்.
தவறினால் சுருட்டி இழுத்துக்கொள்வான்.
பிடித்துவிட்டாலோ
நடுக்கோட்டுக்கும் ரெய்டருக்கும் நடுவில்
ஒரு லாரியைக் குறுக்கே நிறுத்துவான்.
விசில்.
முக்தியாருக்கு ஒரு புள்ளி.
முதுகில் தட்டுவதும் முக்தியாரைத்தான்.
இவன் கால்சட்டை மண்ணை உதறிவிட்டு
பழைய இடத்தில் போய் நிற்பான்,
சும்மா.

கல்லூரி கொடுத்த படிவத்தில்
ரெய்டுப் புள்ளி, பிடிப் புள்ளி, உயரம், எடை.
முதல் கட்டத்தில் பூஜ்யம் போட்டேன்.
இரண்டாவதில் நாலு, மூன்று ஆட்டம் சேர்த்து.
எடைக்கு தக்காளி மண்டித் தராசுக்குக் கூட்டிப்போனான்.
விடிகாலை நாலு மணிக்கு
அங்கேதான் கிரேடு தூக்குகிறானாம்.
எண்பத்தொன்று என்றது தராசு.
"செருப்போட சார்" என்று இறங்கி
அதைக் கழற்றி ஓரமாக வைத்து
மறுபடி ஏறினான்.
எண்பது கிலோ அறுநூறு.

அந்த நானூறு கிராமில்தான்
ஆளை முடிவு செய்தேன் என்று
யாரிடமும் சொல்ல முடியாது.

ஒரு சீட்டு. ஹாஸ்டல், ஃபீஸ், மூன்று வேளைச் சாப்பாடு.
சொல்லி முடித்தேன்.
டீயை ஆற்றிக்கொண்டே கேட்டான்:
"முக்தியாருக்கு?"
ஒன்றுதான் இருக்கிறது என்றேன்.
"அவன்தானே சார் பிடிக்கிறான்."
முக்தியாருக்கு உயரம் பத்தாது, எடையும் பத்தாது.
அதைச் சொல்லாமல்
அங்கேயும் நல்ல கார்னர் இருக்கான்,
ஓசூர்ப் பையன்தான் என்றேன்.
"அவன் எப்படி சார் பிடிப்பான்?
விரலையா, மணிக்கட்டையா?"

இருபது வருஷமாக ஆள் எடுக்கிறேன்.
ஓசூர்ப் பையனை நாலு சீசன் பார்த்திருக்கிறேன்.
தெரியவில்லை.

"நாங்க மணிக்கட்டு சார்.
விரல்னா வேர்வையில வழுக்கும்."

அப்பாவிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னான்.
கை நீட்டினேன்.
அவனுக்கு முதலில் வந்தது இடக்கை,
சுண்டுவிரல் எப்போதோ முறிந்து
கோணலாக ஒட்டியிருந்தது.
வெட்கப்பட்டு மாற்றிக்கொண்டான்.

தர்மபுரி பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது.
படிவத்தின் அடியில் 'குறிப்பு' என்று
ஒரே ஒரு வரிக்கு இடம் விட்டிருந்தார்கள்.
எழுதவில்லை.
மாரண்டஹள்ளி தாண்டி இருட்டிய பிறகு
என் இடது மணிக்கட்டை
நானே பிடித்துப் பார்த்தேன், இறுக்கி.
ஒரு வளைவில் பஸ் சாய்ந்தது.
கம்பியைப் பிடிக்க
விட்டுவிட்டேன்.